ஓவியரின் கை எப்போது மாறியது? கணினியிடம் கேட்கலாமா?



பி.காம். படிக்கிறவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இது ஓவிய விமர்சனம் அல்ல. ஓர் ஓவியரின் பாணி எந்த ஆண்டில், எப்படி மாறியது என்பதைச் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பது பற்றிய ஒரு சின்ன வரலாற்றுக் கட்டுரை. கடைசியில் விஷயம் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்கிறது. அதனால் எனக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு!

எங்கள் மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனால் மாமல்லபுரம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சென்னைக்குள் நுழைகிற இடத்தில் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966ல் அதை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1950களில் அவர் வரைந்த ஒரு ஓவியத்தையும் 1960களின் பிற்பகுதியில் வரைந்த ஒரு ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டையும் வரைந்தது ஒரே ஆள் என்று யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். முதலாவதில் மனிதர்கள், மரங்கள், தோட்டம். இரண்டாவதில் ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், படிக்கவே முடியாத எழுத்துகள்!

ஒரு மனிதர் இப்படி மாறியதைக் கணினி கண்டுபிடிக்குமா? கண்டுபிடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? இதுதான் கேள்வி.

கணினிக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர்

பாணியை அளந்து காலத்தைச் சொல்வது புது யோசனை இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே நம் கடற்கரையில் ஒருவர் அதைச் செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அவர். தென்னிந்தியக் கோயில்களின் கட்டடக் கலை பற்றி 1914ல் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு பல்லவர்களைப் பற்றியும் தனியாக எழுதினார்.

அவருடைய வழி மிகவும் எளிமையானது. கோயிலின் அழகைப் பற்றிப் பேசாதே, சின்னச் சின்ன உறுப்புகளைப் பார் என்பதுதான். தூணுக்கு மேலே உத்திரத்தைத் தாங்குகிற போதிகை இருக்கிறதே, அதன் வடிவத்தை வரிசையாகப் படம் போட்டு வைத்துப் பார்த்தார். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை அலையாக வரி போட்டிருக்கும். சோழர் காலத்தில் நடுவில் ஒரு பட்டை துருத்திக்கொண்டு நிற்கும். விஜயநகர காலத்தில் பூ மொட்டு மாதிரித் தொங்கும். கல்வெட்டே இல்லாத கோயிலாக இருந்தாலும், போதிகையைப் பார்த்தால் ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

தூண்களும் இப்படித்தான். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளில் தூண் கனமாக, மேலும் கீழும் சதுரமாக, நடுவில் எட்டுப் பட்டையாக இருக்கும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லத்துக் குடைவரைக்குப் போனால் இந்த ஆரம்பகாலப் பாணியைப் பார்க்கலாம். மாமல்லபுரத்தில் தூண் மெலிந்து, அடியில் சிங்கம் உட்கார்ந்துவிடுகிறது. ராஜசிம்மன் காலத்துக் கோயில்களில் அதே சிங்கம் எழுந்து நின்றுவிடுகிறது.

ஐரோப்பாவிலும் இதே மாதிரி ஒருவர் இருந்தார். இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மொரெல்லி. 19ஆம் நூற்றாண்டுக்காரர். ஓவியத்தில் முகத்தைப் பார்க்காதீர்கள், காதையும் விரல் நகத்தையும் பாருங்கள் என்றார். முகத்தை ஓவியர் யோசித்து வரைவார், காதைக் கை பழக்கத்தில் வரைந்துவிடும், அந்தப் பழக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் வாதம்.

ஆக, இந்த இருவரும் செய்தது ஒன்றுதான். பெரிய விஷயத்தை விட்டுவிட்டு, அளக்கக்கூடிய சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கணினி செய்வதும் அதையேதான்!

கணினி எப்படிப் பார்க்கிறது?

கணினிக்கு ஓவியம் என்பது எண்களின் பட்டியல். ஒரு படத்தை நீளத்தில் 200, அகலத்தில் 200 புள்ளிகளாகப் பிரித்தால் மொத்தம் 40,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஆக 1,20,000 எண்கள். கணினிக்கு மரமும் தெரியாது, மனிதனும் தெரியாது. இந்த எண்கள் மட்டும்தான்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், எதை அளக்க வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்வார்கள். தூரிகைக் கோடு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்துக் கோட்டுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று. துப்ரேய் போதிகையைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

இரண்டாவது வழி இப்போது எல்லோரும் பேசுகிற செயற்கை நரம்பு வலை. இதில் எதை அளக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான ஓவியங்களைக் காட்டி, "இது இன்ன பாணி, இது இன்ன பாணி" என்று விடையையும் கொடுத்துவிடுவார்கள். தப்பாகச் சொல்லும்போதெல்லாம் கணினி தன் உள்கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். பழகி முடித்த பிறகு, ஒவ்வொரு ஓவியத்தையும் சில நூறு அல்லது சில ஆயிரம் எண்களாகச் சுருக்கித் தரும். இரண்டு ஓவியங்களின் எண்கள் நெருக்கமாக இருந்தால் பாணி நெருக்கம், தூரமாக இருந்தால் பாணி தூரம்.

இனி ஓர் ஓவியரின் எல்லாப் படங்களையும் ஆண்டு வாரியாக அடுக்கி, அடுத்தடுத்த படங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும். கோடு சமமாகப் போகிற இடத்தில் ஓவியர் ஒரே பாணியில் வேலை செய்திருக்கிறார். எகிறுகிற இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. கம்பெனியின் விற்பனைக் கோடு மாதிரிதான், வேறொன்றும் இல்லை.

2018ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அகமது எல்காமல் குழுவினர் சுமார் 77,000 ஓவியங்களை வைத்து இந்த இரண்டாவது வழியில் ஓர் ஆய்வு செய்தார்கள். கணினிக்குப் பாணியின் பெயரை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஆண்டைச் சொல்லவே இல்லை. ஆனாலும் கணினி உள்ளுக்குள் அடுக்கி வைத்திருந்த வரிசை ஏறக்குறைய காலவரிசையாகவே இருந்தது. துப்ரேய் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

தனி ஓவியர்களிடம் கண்டது என்ன?

முதலில் ஜாக்சன் பொல்லாக். தரையில் விரித்த துணியின் மேல் பெயிண்டைச் சொட்டவிட்டும் சுழற்றி வீசியும் படம் போட்ட அமெரிக்கர். ரிச்சர்ட் டெய்லர் என்ற இயற்பியலாளரும் அவருடைய நண்பர்களும் 1999ல் "நேச்சர்" இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயிண்ட் கோடுகளின் சிக்கலை ஒரே எண்ணாக அளந்தால், 1940களின் நடுவில் 1க்குச் சற்று மேலே இருந்த அந்த எண் 1952 வாக்கில் 1.7ஐத் தொடுகிறது என்றார்கள். அதாவது அவர் கை வருடா வருடம் சீராக ஒரு திசையில் போயிருக்கிறது. இது முதல் வழியைச் சேர்ந்த அளவு, நரம்பு வலை இல்லை. ஆனால் 2006ல் அதே இதழில் ஜோன்ஸ்-ஸ்மித், மாத்தூர் என்ற இருவர் மறுப்பு எழுதினார்கள். கிறுக்கலாகப் போட்ட நட்சத்திரப் படம் கூட அந்தப் பரிசோதனையில் தேறிவிடுகிறது என்று காட்டினார்கள். அளக்க முடிகிறது என்பதற்காக அந்த அளவு அந்த ஆளுக்கு மட்டுமே சொந்தம் என்று ஆகிவிடாது என்பது அவர்கள் சொன்ன பாடம்.

அடுத்து வின்சென்ட் வான் கோ. 2012ல் ஜியா லீ, ஜேம்ஸ் வாங் ஆகியோரும் ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எல்லா ஹெண்ட்ரிக்ஸும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியே ஒவ்வொரு தூரிகைக் கோட்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தது. வான் கோவின் கோடுகள் ஒரே மாதிரி வடிவத்தில், நெருக்கமாக, ஒரு தாளத்தோடு அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்தத் தாளம்தான் அவரைச் சமகாலத்தவர்களிடமிருந்து பிரிக்கிறது என்று தெரிந்தது. அதோடு விடவில்லை. பாரிஸில் இருந்தபோது வரைந்ததா, அதற்குப் பிறகு தென் பிரான்சில் வரைந்ததா என்று நிபுணர்களுக்குள் சண்டை இருந்த மூன்று படங்களையும் கணினியிடம் கொடுத்து, எந்தக் காலத்தோடு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள்.

2021ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தாஷுன் வாங் குழுவினர் செய்தது. ஓவியர்கள், திரைப்பட இயக்குநர்கள், விஞ்ஞானிகள் என்று பலரை எடுத்துக்கொண்டு, அவர்கள் வாழ்க்கையில் தொடர்ந்து உச்சத்தில் இருந்த காலத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். ஓவியங்களின் பாணியை நரம்பு வலை அளந்தது. முதலில் பல பாணிகளில் அலைந்து திரிகிறார்கள், பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஆழமாகப் போகிறார்கள், இந்த இரண்டும் அடுத்தடுத்து நடக்கிறபோதுதான் உச்சம் வருகிறது என்று கண்டார்கள். அலைவது மட்டும் போதாது, ஒன்றிலேயே கிடப்பதும் மட்டும் போதாது.

இப்போது பணிக்கர்

மறுபடியும் நம்மூர்க் கடற்கரைக்கு வருவோம். இந்த "அலைந்து பிறகு பிடித்துக்கொள்வது" என்பதைப் படித்தவுடன் பணிக்கர் நினைவுதான் வரும்.

பணிக்கர் 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தார். தந்தி இலாகாவில் வேலை பார்த்தார், இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருந்தார். 1936ல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1944ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைப் பணிக்கர் தொடங்கினார். 1957ல் அதே பள்ளிக்கு முதல்வராகவும் ஆனார். 1977ல் காலமானார்.

அவர் ஓவியங்களைப் பொதுவாக மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள். ஆரம்பத்தில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள். தென்னை மரங்கள், கால்வாய்கள், கேரளத்துப் பசுமை. பிறகு 1950களில் மனித உருவங்கள், "தோட்டம்" வரிசை. 1954ல் லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சி வைத்துத் திரும்பினார். ஐரோப்பியர்கள் மாதிரி வரையாமல், அதே சமயம் பழைய இந்திய ஓவியத்தை நகலெடுக்காமல், இன்றைய இந்திய ஓவியம் என்று ஒன்றை வரைய முடியுமா என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவதாக, 1963ல் தொடங்கிய "சொற்களும் குறியீடுகளும்" வரிசை. அப்போது அவருக்கு வயது 52.

1963ல் என்ன நடந்தது? ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் புத்தகம் கண்ணில் பட்டதுதான் தனக்குப் புது வழி காட்டியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எண்கள், எழுத்துகள், ஜியாமெட்ரி கோடுகள் நிறைந்த பக்கங்கள். கணக்கைப் படிக்காமல் அந்தப் பக்கத்தை ஓர் ஓவியமாகப் பார்த்திருக்கிறார்! அதிலிருந்து ஜாதகக் கட்டம், ஏட்டுச் சுவடி, மலையாள எழுத்து மாதிரியான கிறுக்கல் எல்லாம் அவர் ஓவியத்துக்குள் வந்துவிட்டன. கடைசி வரை, சுமார் 14 ஆண்டுகள், அந்த வழியிலேயே போனார்.

ஆண்டு போட்ட 200 பணிக்கர் ஓவியங்களைக் கணினியிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? என் ஊகத்தைச் சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் மெதுவான சரிவு, 1950களில் ஏற்ற இறக்கம், 1963க்குப் பக்கத்தில் ஒரு பெரிய எகிறல், அதற்குப் பிறகு சமமான கோடு. 2021 ஆய்வு சொன்ன வடிவமேதான். ஒருவேளை எகிறல் 1963க்கு முன்பே, யாரும் கவனிக்காத ஏதோ சில படங்களில் தொடங்கியிருந்தால் அதையும் கணினி காட்டிக்கொடுக்கும். அது உண்மையிலேயே பெரிய உதவி. நம் கண் ஏற்கெனவே கேள்விப்பட்ட கதையைத் தேடும், கணினிக்குக் கதை தெரியாது.

ஆனால் கணினி பார்க்காமல் விடுவதும் உண்டு. அந்த ஓவியங்களில் உள்ள எழுத்துகளை மலையாளம் தெரிந்தவர் பார்த்தால் முதலில் படிக்க முயற்சி செய்வார். தெரிந்த எழுத்து மாதிரியே இருக்கும், ஆனால் வார்த்தை வராது. தாத்தாவின் ஜாதகத்தைக் கையில் எடுத்து, புரியாமல் திருப்பிப் பார்க்கிற அதே நிலைமை. அந்தத் தவிப்பு ஓவியத்தில் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். கணினிக்கு அது சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் அதிகமாகிவிட்டன என்பது மட்டும்தான். கோடு அதிகமானதை அது சரியாக எண்ணிவிடும். படிக்க முயன்று தோற்பது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

ஐந்து ரதங்கள் சொல்லும் எச்சரிக்கை

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதையும் மாமல்லபுரத்திலேயே பார்க்கலாம்.

பாணி மாறினால் காலம் மாறியிருக்கிறது என்று துப்ரேய் எடுத்துக்கொண்டார். அதன்படி மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, ராஜசிம்மன் பாணி என்று ஒவ்வொரு அரசனுக்கும் ஒரு பாணி. பல வருடங்கள் எல்லோரும் அதையே பாடமாகப் படித்தார்கள். 1962ல் இரா. நாகசாமி இதை எதிர்த்து எழுதினார். தர்மராஜ ரதம், கணேச ரதம் போன்ற இடங்களில் உள்ள "அத்யந்தகாமன்" முதலான பட்டப்பெயர்களையும் கல்வெட்டுச் சுலோகங்களையும் வைத்து, மாமல்லபுரத்து வேலைகள் எல்லாமே ராஜசிம்மன் ஒருவன் செய்வித்தவை என்று வாதாடினார். அப்படியென்றால் பாணி ஏன் இத்தனை விதமாக இருக்கிறது? ஒரே அரசனின் காலத்தில் பல பாணிகளை வேண்டுமென்றே செய்து பார்த்திருக்கலாம் என்பது அவர் பதில். எல்லா அறிஞர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, விவாதம் இன்னும் ஓயவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

ஐந்து ரதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை மாதிரி. பீம ரதம் நீளமாக, வண்டிக்கூண்டு மாதிரிக் கூரையோடு. அர்ஜுன ரதமும் தர்மராஜ ரதமும் மாடி மாடியாக. நகுல சகதேவ ரதம் யானையின் பின்புறம் மாதிரி வளைந்த தூங்கானை மாடம். பெயர் தெரியாமல் இந்த ஐந்தின் வடிவத்தையும் ஒரு கணினியிடம் கொடுத்தால், ஐந்து வெவ்வேறு இடம், ஐந்து வெவ்வேறு காலம் என்று பிரித்து வைத்துவிடலாம். ஆனால் அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே திட்டமாகச் செதுக்கப்பட்டவை என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள்.

ஓவியரிடமும் இப்படித்தான். பாணி மாறுவதற்குக் காலம் ஒரு காரணம். வயது, நோய், பெயிண்ட் வாங்கக் காசு இல்லாதது, வேறு ஊருக்குப் போனது, வாங்குகிறவர் கேட்டது, சும்மா செய்து பார்ப்போமே என்ற ஆசை எல்லாமே காரணம்தான். கோட்டில் இவை எல்லாம் ஒரே மாதிரி எகிறலாகத்தான் தெரியும்.

2017ல் அலெக்ஸ் ஃபோர்சைத் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஏழு ஓவியர்களின் 2,092 ஓவியங்களை அளந்தார்கள். வில்லெம் டி கூனிங், ஜேம்ஸ் ப்ரூக்ஸ் என்ற இருவருக்கும் பிற்காலத்தில் மறதி நோய் வந்தது. அவர்கள் ஓவியத்தின் சிக்கல் அளவு, நோய் என்று தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது என்று இந்த ஆய்வு சொன்னது. நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுமே என்று பார்த்தால் நல்ல விஷயம்தான். ஆனால் 52 வயதில் திடீரென்று மனித உருவங்களை விட்டுவிட்டு, படிக்க முடியாத எழுத்துகளை வரிசை வரிசையாக எழுத ஆரம்பித்த ஒருவரின் கோட்டை மட்டும் பார்த்து ஒருவர் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? நோட்டுப் புத்தகக் கதை தெரிந்ததால் நாம் தப்பித்தோம்.

ஆக, எப்போது மாறியது என்று கணினி சொல்லும். ஏன் மாறியது என்பதை ஓவியரோ, அவர் பக்கத்தில் இருந்தவர்களோ சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கணக்குப் புத்தகம்

வான் கோவை இவ்வளவு நுணுக்கமாக ஆராய முடிந்தது எதனால்? கணினி பெரிது என்பதாலா? இல்லை. அவர் எழுதிய 800க்கும் மேற்பட்ட கடிதங்கள் பிழைத்திருக்கின்றன. இன்றைக்கு என்ன வரைந்தேன், என்ன கலர் போட்டேன் என்று தம்பி தியோவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1890ல் அண்ணன் இறந்தார், ஆறு மாதத்தில் தம்பியும் இறந்தார். தியோவின் மனைவி ஜோ, கைக்குழந்தையோடு நின்ற நிலையிலும் அந்தக் கடிதங்களையும் ஓவியங்களையும் பத்திரமாக வைத்திருந்தார். 1914ல் கடிதங்களை வெளியிட்டார். அந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. எந்த ஓவியம் எப்போது யாருக்கு விற்கப்பட்டது என்பதை அதிலிருந்தும் அறிய முடிகிறது. 2002ல் அந்தக் கணக்குப் புத்தகமே ஆய்வுக் குறிப்புகளோடு நூலாக வந்துவிட்டது! ஒரு பெண்மணி ஒழுங்காகக் கணக்கு எழுதியதால், நூறு வருடம் கழித்து ஆய்வாளர்களுக்கு வேலை எளிதானது.

நம்மிடம் நிலைமை என்ன? இந்த ஆய்வுகளுக்கு அடிக்கடி பயன்படுத்துகிற ஒரு தொகுப்பில் சுமார் 80,000 படங்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க ஓவியங்கள். அந்தக் கண்ணோடு வளர்ந்த கணினிக்கு ஜாதகக் கட்டம் என்னவென்று தெரியுமா? பணிக்கரின் ஓவியங்கள் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் உள்ள காட்சிக்கூடத்திலும், டில்லியிலும், சென்னையிலும், பலருடைய வீடுகளிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வெளிச்சத்தில், ஒவ்வொரு காமிராவில் எடுத்த படங்களைக் கொடுத்தால், கணினி ஓவியரின் மாற்றத்தைக் கற்றுக்கொள்ளாது, காமிராவின் மாற்றத்தைக் கற்றுக்கொள்ளும்.

பணிக்கர் மட்டுமா? சோழமண்டலத்தின் கதையே ஒரு வணிகவியல் பாடம். படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்து, ஓவியர்கள் பத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் கூட்டாகக் குடியேறினார்கள். கே. ராமானுஜம் அங்கேயே வாழ்ந்து 1973ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஜே. சுல்தான் அலி 1990ல் மறைந்தார். பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் 2017ல் மறைந்தார். முதல் தலைமுறையில் ஒவ்வொருவர் போகும்போதும், "இது எந்த வருஷம் போட்டது, ஏன் அப்படிப் போட்டார்" என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் குறைகிறார்.

ஆடிட் செய்ய வருகிறவர் முதலில் சரக்கு இருப்புப் பதிவேட்டைத்தான் கேட்பார். அது இல்லாமல் எவ்வளவு பெரிய ஆடிட்டர் வந்தும் பிரயோஜனம் இல்லை. செயற்கை நுண்ணறிவும் அந்த மாதிரி ஒரு ஆடிட்டர்தான். அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியது ஒரு பதிவேடு. ஓவியத்தின் பெயர், ஆண்டு, ஆண்டு எப்படித் தெரியும் என்பதற்கு ஆதாரம், அளவு, எதில் வரைந்தது, இப்போது எங்கே இருக்கிறது, ஒரே மாதிரி வெளிச்சத்தில் நிறஅட்டையோடு எடுத்த ஒரு புகைப்படம். ஏழு காலம், அவ்வளவுதான். கடைசியில் எட்டாவதாக ஒரு காலம் சேர்க்கலாம்: அந்தச் சமயத்தில் ஓவியர் சொன்னது, அல்லது கூட இருந்தவர்கள் சொன்னது. அந்த எட்டாவது காலத்தைக் கணினியால் நிரப்ப முடியாது.

ஓவியக் கல்லூரி மாணவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்ல, கணினி மாணவர்கள் புகைப்படத்தை ஒழுங்கு செய்ய, எங்களை மாதிரி பி.காம். மாணவர்கள் பதிவேட்டை எழுத, ஒரு கோடை விடுமுறையில் ஒரு ஓவியருடைய பதிவேட்டையாவது தொடங்கிவிடலாம். பெரிய செலவும் இல்லை. முதலில் உயிரோடு இருக்கிறவர்களிடம் போக வேண்டும். ஏனென்றால் அவர்களுடைய எட்டாவது காலம் இன்னும் நிரப்பக்கூடியதாக இருக்கிறது.

அடுத்த முறை மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் தூணைப் பார்க்கும்போது, அதன் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறதா நிற்கிறதா என்று பாருங்கள். திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி, 2009ல் சோழமண்டலத்தில் திறந்த அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். படத்தைப் பார்த்து முடித்த பிறகு, அதன் பக்கத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள்.